புற்றுநோய் என்று தெரிந்தால்: மறைப்பதா, சொல்லிவிடுவதா, கேட்டுச் சொல்வதா?

திருகோணமலையில் வயதான ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் டொக்டரை வாட்டு வாசலிலேயே மறித்துச் சொல்வது, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதீங்க, தாங்கமாட்டார்" என்பதுதான். அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை, அது பாசத்தில் வருவது. அமெரிக்காவிலேயே 1961இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 வீதமான டொக்டர்மார் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். 1979இல் 97 வீதமானோர் சொல்வோம் என்றார்கள்.

ஆனால் மறைத்தது நிலைக்காது. மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றாலே எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு விளங்கிவிடும், மிச்சத்தைக் கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் சொல்லிவிடுவார். பிறகு அப்பா தனக்குத் தெரியாததுபோல் நடிக்க, பிள்ளைகளும் நடிக்க, ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுவார்கள். காணி எழுதுவது, கோணேசரை ஒருக்கால் போய்க் கும்பிடுவது, கோபித்துக்கொண்ட தம்பியோடு கதைப்பது எல்லாவற்றுக்கும் இருந்த காலம் அப்படியே போய்விடும். என்ன வருத்தம் என்று தெரியாதவர் ஒப்பரேஷனுக்குப் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி எடுப்பது?

சரி, நேரே சொல்லிவிடலாமா? உடம்பு அவருடையது, அந்த நியாயம் பலமானது. ஆனால் சுற்றிவரப் பத்துப்பேர் நிற்க, "இது கான்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதும் கொடுமைதான். "எனக்கு ஒண்டும் சொல்லவேணாம், மூத்தவனோட கதையுங்க" என்பவரும் இருக்கிறார், அந்த விருப்பத்தையும் மதிக்கவேண்டும்.

நான் நிற்பது மூன்றாவது பக்கம். கெட்ட செய்தி சொல்வதற்கென்று 2000இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' முறையில் ஆறு படிகள், அதில் மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேட்பது. "முடிவு வந்ததும் உங்களுக்கே எல்லாம் சொல்லவா, மகனிட்ட சொல்லவா ஐயா?" என்று பயொப்சிக்கு, அதாவது சோதித்துப் பார்க்கச் சதைத் துண்டு, எடுக்கும்போதே கேட்டுவைக்கலாம். சனம் நிறைந்த கிளினிக்கில் இதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்கவேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல் மொழி. டொக்டர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்க்க நிற்கும் மகன் அப்பாவிடம் கேட்காமல் தானே பதில் சொன்னால் எல்லாம் வீண். அந்த ஒரு கேள்வியையாவது தமிழ் தெரிந்த நேர்ஸ் கேட்கட்டும். அப்புறம், ஒருதரம் கேட்டதோடு விடவும் கூடாது, முதல்நாள் வேண்டாம் என்றவர் மூன்றாவது கீமோவுக்குப் பிறகு கேட்கக்கூடும். அவர் வாய்விட்டு, "எனக்குக் கான்சரா?" என்று கேட்டுவிட்டால், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் டொக்டர் பொய் சொல்லக்கூடாது.