ஏழு வருடமாக எங்கள் பாட்டிலில் நிற்கும் கன்றுக்குட்டி: கார்ட்டூன் சின்னம் வைத்துத் தொழில் செய்த அனுபவம்

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் நானும் என் மச்சானும் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கடலை, எள், கொப்பரை, மூன்று வாகை மரச்செக்கு, அவ்வளவுதான் ஆலை. 2018 ஆடியில் லேபிளில் ஒரு கார்ட்டூன் கன்றுக்குட்டியைப் போட்டோம். செந்நிறக் கன்று என்பதால் பெயர் செவலை. அன்றிலிருந்து பாட்டில், காலண்டர், வாட்ஸ்அப், கல்யாணத்துக்குக் கொடுக்கும் தாம்பூலப் பை என்று எல்லாவற்றிலும் அதுதான் நிற்கிறது. கார்ட்டூன் வைக்கலாமாங்க, செலவுக்குத் தகுமாங்க என்று புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஏழு வருடத்தில் பட்டதை எழுதி வைத்தால் அவர்களுக்கு உதவும்.

முதலில் ஏன் வைத்தோம் என்பது. எங்கள் பக்கம் எண்ணெய் ஆலைக்குப் பஞ்சமே இல்லை. மளிகைக் கடை அலமாரியில் எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி மஞ்சள் லேபிள், ஒரு செக்குப் படம், 'பாரம்பரியம்' என்று ஒரு வார்த்தை. என் அம்மா இன்றைக்கும் சோப்பையும் தீப்பெட்டியையும் படத்தைச் சொல்லித்தான் கேட்பார். பெரிய கம்பெனிகளும் இதைத்தானே செய்தார்கள்? ஏர் இந்தியாவின் மகாராஜா 1946இல் வந்தது. ஏசியன் பெயின்ட்ஸின் 'கட்டு' என்ற பையனை கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்து கொடுத்தார். அமுல் பாப்பா 1966இலிருந்து ஊர் நடப்பைப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் இவ்வளவு காலம் தாங்குவதற்குக் காரணம் அந்தப் பேச்சுதான் என்பது என் கருத்து. வெறுமனே சிரித்துக்கொண்டு நின்றிருந்தால் பத்து வருடத்தில் பழைய படமாகியிருப்பாள்.

வரைந்தது திருப்பூரில் குழந்தைகள் பனியனுக்குப் படம் போடும் ஒரு தம்பி. பனியன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் போட வேண்டும், அதனால் அவருக்குச் சிக்கனம் கையிலேயே இருந்தது. "நாலு கலருக்கு மேல வேண்டாங்கண்ணா, கோடு தடியா இருக்கட்டும், சின்னதாக்குனா காணாமப் போயிரக் கூடாது" என்றார். விளம்பர ஏஜென்சிக்குப் போயிருந்தால் இந்த அறிவுரை கிடைத்திருக்குமா என்று தெரியாது. 100 மில்லி பாட்டிலின் மூடி ஸ்டிக்கரில் விரல் நகம் அளவுக்கு அச்சானபோதும் செவலையின் கண்ணும் திமிலும் தெளிவாகத் தெரிந்தன. படத்தை கோரல் டிராவில் வெக்டராகவே, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத கோப்பாகவே கொடுத்துவிட்டார். யாரிடம் வரைந்தாலும் அந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜேபெக் படத்தை வைத்துக்கொண்டு பேனர் அடிக்கப் போனால் ஓரமெல்லாம் பல் பல்லாக வரும்.

இனி எங்கள் முதல் தப்பு. முதல் லேபிளில் செவலை செக்கைச் சுற்றி வருவதுபோல் வரைந்திருந்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. பெரியவர் ஆலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு எங்கீங்க? பொடுசுக மாட்டைப் பாக்கோணும்னு வந்துச்சுங்க" என்றார். எங்களுடையது மோட்டார் செக்கு. மரம் வாகைதான், ஆட்டுவது கரண்டு. நாங்கள் எங்கேயும் மாட்டுச் செக்கு என்று எழுதவில்லை, ஆனால் படம் சொல்லிவிட்டதே! அந்தக் குழந்தைகள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. மீதி இருந்த நாலாயிரம் லேபிளை அன்றைக்கே ஒதுக்கினோம். எழுத்தில் பொய் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், படமும் வாக்குக் கொடுக்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சரி, செக்கு ஆட்டாத கன்றுக்கு ஆலையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை என் மச்சான் மனைவி சொன்னது. "புண்ணாக்குக்கு வந்திருக்கும்." அவ்வளவுதான், அன்றைக்கே செவலைக்கு உயிர் வந்துவிட்டது. கட்டுத்தரையை விட்டு ஓடிவந்து ஆலை வாசலில் நிற்கும், கடலை நல்லதா, எள் காய்ந்ததா, கருப்பட்டி போட்டாச்சா என்று எல்லாவற்றையும் கவனிக்கும், ஏனென்றால் ஆட்டினால்தானே அதற்குப் புண்ணாக்கு. செவலையை வைத்து நாங்கள் போடும் காமிக்ஸில் எத்தனை கதை எழுதினாலும் இந்த ஒரு ஆசையிலிருந்து கதை பிறந்துவிடுகிறது. நல்லெண்ணெய்க்கு ஏன் கருப்பட்டி சேர்க்கிறோம், புது எண்ணெய் ஏன் இரண்டு மூன்று நாள் தெளிய வேண்டும், அடியில் மண்டி ஏன் தங்குகிறது என்று நாங்கள் போனில் தினம் விளக்கிக்கொண்டிருந்ததையெல்லாம் நாலு கட்டத்தில் செவலை கேட்டு வாங்கிச் சொல்லிவிடும். மண்டியைப் பார்த்துக் கலப்படமா என்று கேட்டு வந்த போன்கள் அந்த ஒரு காமிக்ஸுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன.

பேச்சு இன்னொரு பிரச்சினை. ஆரம்பத்தில் அதை 'ஹாய் ஃப்ரெண்ட்ஸ்' என்று பேசவிட்டோம், ஒருவரும் சீண்டவில்லை. அப்புறம் "ஏனுங்க, புண்ணாக்கு ஆயிருச்சுங்களா?" என்று கேட்க வைத்தோம். அந்த வரி இங்கே பிடித்துக்கொண்டது, கடைக்குப் போனால் கடைக்காரர் என்னையே அப்படித்தான் வரவேற்கிறார். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையில் 'தம்பி' என்ற குதிரை எல்லா ஊரிலும் நின்றதே, அதை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் உடனே சொந்தமாக்கிக்கொண்டதற்கும் அந்த உடுப்பும் பெயரும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காமிக்ஸை எண்ணெய்ப் பவுச்சின் பின்பக்கம் அடிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். பவுச் கிராவூர் முறையில் அச்சாகிறது, நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், கதையில் ஒரு சொல் மாறினாலும் அந்த சிலிண்டர் புதிதாக வேண்டும், மேலும் குறைந்த அளவில் அடித்துத் தர மாட்டார்கள். ஒரே கதையைப் பத்து மாதம் விற்றால் எந்தக் குழந்தை படிக்கும்? நாங்கள் பவுச்சில் செவலையின் உருவத்தை மட்டும் வைத்துவிட்டு, கதையைத் துண்டுச் சீட்டில் ஒற்றை நிறத்தில் அடித்து அட்டைப் பெட்டிக்குள் போடுகிறோம். வாட்ஸ்அப் ஸ்டிக்கரும் செய்தோம். 512க்கு 512 பிக்சல், பின்னணி இல்லாமல், 100 கேபிக்குள் இருக்க வேண்டும். ஒரு பைசா செலவில்லாமல் அதிகம் பரவியது அதுதான். காலை வணக்கம் சொல்லும் செவலையை என் ஒரம்பரை (உறவினர்) எல்லோரும் எனக்கே அனுப்புகிறார்கள்.

ஆனால் பணம் போட்டதில் முழுசாகத் திரும்பி வந்தது காலண்டர்தான். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு காமிக்ஸ், சமையல்கட்டுச் சுவரில் ஒரு வருடம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டுவிடுவார்கள், ஆகவே கதையும் படமும் ஆவணிக்குள் தயாராக இருக்க வேண்டும். தீபாவளி முடிந்து யோசிப்பவருக்கு நல்ல தாளும் கிடைக்காது, தேதியும் கிடைக்காது.

காமிக்ஸில் கன்று என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒருமுறை பெட்டியில் அடித்த கதையில் செவலை, 'இந்த எண்ணெய் இதயத்துக்கு இதம்' என்று சொன்னது. உணவு லேபிள் ஆலோசகர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தில் 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்', 'இதயத்துக்கு இதம்' மாதிரியான மிகைச் சொற்களை உணவுப் பாதுகாப்பு விதி தடுக்கிறது. பொட்டலத்தின் மேல் இருந்தால் பேச்சுக் குமிழும் லேபிள்தான்.

இப்போது எனக்கு இன்றும் வலிக்கும் ஒன்று. 2021 மழையில் ஈரம் பட்ட கடலை ஒரு லோடு எங்கள் கவனத்தைத் தப்பிவிட்டது, அந்த எண்ணெயில் காறல் வாடை. மன்னிப்புக் கேட்க, கண்ணீர் விடும் செவலையின் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினோம். பெருந்துறைப் பக்கம் ஒரு அம்மா போன் செய்தார். "என்ற ஊட்டுச் சீருக்குச் சுட்ட பலகாரம் பூராப் போச்சுங்க. நீங்க கன்னுக்குட்டிய அழுக உட்டுட்டு ஒளிஞ்சுக்கறீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் நானே எண்ணெயும் பணமும் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கின மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி. விலை ஏற்றம், தாமதம், குறை, பணம், இவற்றைப் பற்றி செவலை வாய் திறக்காது. அங்கே என் பெயரும் என் போன் நம்பரும் மட்டும்தான் வரும். கார்ட்டூன் வைத்திருக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவியரிடம் வெள்ளைத்தாளில் 'உரிமையை ஒப்படைக்கிறேன்' என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒப்படைப்புப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2023இல் சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்பக் கேட்டு வந்தபோது வக்கீல் இதைச் சொல்லவும் தூக்கிவாரிப் போட்டது. ஓவியர் தம்பி நல்லவர். புதுப் பத்திரம் போட்டு, முதலில் கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்தோம், அவருக்கு அது சேர வேண்டியதும்கூட. வணிகச் சின்னமாகவும் பதிந்திருக்கிறோம், சமையல் எண்ணெய்க்கு 29ஆம் வகுப்பு. ஆன்லைனில் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 வருடம் நிற்கும், அப்புறம் புதுப்பிக்கலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள், நிறத்தைக் கட்டுப்படுத்தாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் செல்லும்.

கோவையில் ஒரு கண்காட்சிக்கு செவலை வேஷ உடுப்பு தைத்தோம், சித்திரை வெயிலில் உள்ளே நின்ற பையன் அரை மணி நேரத்தில் மயங்கப் பார்த்தான். இனிமேல் அது வேண்டாம். ஏஐயில் படம் போட்டுப் பார்த்ததும் ஒத்துவரவில்லை. ஒரு கட்டத்தில் திமில் இருக்கும், அடுத்த கட்டத்தில் அது வெளிநாட்டுக் கன்றாகிவிடும்.

விற்பனை ஏறியதா என்றால், ஏறியது. அதில் கன்றுக்கு எவ்வளவு, கடலைக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர் யாருக்கும் வாயில் வருவதில்லை, 'கன்னுக்குட்டி எண்ணெய்' என்றுதான் கேட்கிறார்கள், மூன்று வருடத்துக்குப் பிறகுதான் அப்படிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் பலன் பார்க்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை நல்ல கடலைக்குப் போடலாம்.

போன மாதம் கண்ணபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மாட்டுக்காரர், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, ஏழு வருசமா இது செவலையாவே நிக்குதே?" என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போதுதான் செவலை, ஐந்தாறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாகிவிடும், இங்கே சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். நான் ஓவியரிடம் சொன்னேன், அவர் இரண்டு நாள் யோசித்தார். செவலை கிடாரி, அதாவது பெண் கன்றுதான் என்பதால் வழி பிறந்தது. அடுத்த காலண்டரில் தையிலிருந்து மாதா மாதம் அது கொஞ்சம் கொஞ்சமாக மயிலையாகும். மார்கழிப் பக்கத்தில் மயிலைப் பசு ஆலை வாசலில் நிற்கும், அதன் காலடியில் அப்போதுதான் பிறந்த ஒரு செவலைக் கன்று, எழுந்து நிற்கத் தெரியாமல், புண்ணாக்கு மூட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தின் பென்சில் படம் நேற்று வந்தது, பெரியவருக்கு அனுப்பியிருக்கிறேன்.