லம்பாங் நகரின் மலிவு விடுதி ஒன்றில் 126 நாள்

வடக்குத் தாய்லாந்தின் லம்பாங் நகரில் ஒரே விடுதியில் இதுவரை மூன்று முறை தங்கியிருக்கிறேன்: 2019-இல் 11 நாள், 2023 டிசம்பரில் 27 நாள், 2024 நவம்பர் 11 முதல் 2025 பிப்ரவரி 6 வரை 88 நாள். முதல் முறை ஊர் திரும்பிய கையோடு எழுதியிருந்தால், பாதிக்கு மேல் மெத்தையைப் பற்றிய புலம்பலாகவே இருந்திருக்கும். அந்த மெத்தை இன்றும் பலகை போலத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் மாதத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. முதல் வாரத்தில் கண்ணில் படாத வேறு சில விஷயங்கள்தான் அங்கே வசிப்பதைச் சுகமாக்கவோ சிரமமாக்கவோ செய்தன. அவற்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

லம்பாங்கைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. என் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு மேசையும் தொல்லையில்லாத பகல்பொழுதும் போதும். சியாங் மாய் அங்கிருந்து சுமார் 100 கி.மீ., பேருந்தில் இரண்டு மணி நேரம். சுற்றுலாக் கூட்டம் முழுவதும் அங்கே போய்விடுவதால் லம்பாங் தன் போக்கில் இருக்கிறது. 1916-இல் ரயில் வந்து சேர்ந்த நாளில், தேக்கு வணிகத்தால் செழித்திருந்த ஊர் இது. அந்தப் பணத்தில் பர்மியர்களும் சீனர்களும் கட்டிய கோயில்களும் மரவீடுகளும் வாங் ஆற்றை ஒட்டி இன்னும் நிற்கின்றன. குதிரை வண்டிகளுக்கும் சேவல் படம் போட்ட பீங்கான் கிண்ணங்களுக்கும் பெயர் பெற்ற ஊரும் இதுதான். என் விடுதியில் அந்தச் சேவல் கிண்ணம் ஒன்று வரவேற்பு மேசையின் மேல் சாவிகளைப் போட்டுவைக்கப் பயன்படுகிறது. விளிம்பு உடைந்த கிண்ணம். 2019-இலும் அதே உடைவோடுதான் இருந்தது.

விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மணிக்கூண்டுச் சந்திப்பிலிருந்து பத்து நிமிட நடையில், சந்துக்குள் இருக்கும் நான்கு மாடிக் கட்டடம் அது. இவ்வகைக் கட்டடங்கள் தாய்லாந்தின் சிறு நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. வாசல் பலகையில் ‘ராய் வான்’, ‘ராய் துவன்’ என்று எழுதியிருப்பார்கள். நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அறை கிடைக்கும் என்பது பொருள். என் தளத்தில் இருந்த எட்டு அறைகளில் ஐந்தில், வேறு மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்களும் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியும் மாத வாடகைக்குக் குடியிருந்தார்கள். அதாவது, பயணிகளுக்காக நடத்தப்படும் இடம் அல்ல. உள்ளூர்க்காரர்கள் தங்கள் தேவைக்காக நடத்திக்கொள்ளும் இடத்தில் பயணியும் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த விடுதியின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

2019-இல் நாள் வாடகை 350 பாட், 2024-இல் 400. மாத வாடகை 5,500 பாட், அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 13,500 ரூபாய். முன்பணம் 1,000 பாட், சாவிக்கு 200 பாட். மாத வாடகைக்கு மாறிய உடனே துண்டு, சோப்பு, அறை துப்புரவு மூன்றும் நின்றுவிடும்; விளக்குமாறும் வாளியும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு: யூனிட்டுக்கு 8 பாட். அரசுக் கட்டணம் அப்போது 4 பாட்டுக்குச் சற்றுதான் மேல் என்பதால் இது கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் மாத வாடகை விடுதிகளில் இது பரவலான வழக்கம் என்பதைப் பக்கத்து அறை ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பதிவுத் தளங்களில் காணும் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு நேரில் போய் மாத வாடகை பேசுபவர்கள், இந்த யூனிட் கணக்கையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மீட்டர் பார்ப்பது மாதக் கடைசி நாளில். துப்புரவுப் பணியும் கணக்கும் இரண்டையும் பார்க்கும் அம்மாள் ஒருவர் கையில் டார்ச் விளக்கும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமுமாக வருவார். எல்லோரும் அவரை ‘பா’ என்று கூப்பிடுவார்கள். நம் வழக்கில் பெரியம்மா. நடைபாதைச் சுவரில் உயரத்தில் இருக்கும் மீட்டருக்கு விளக்கை அடித்து, எண்ணைப் பென்சிலால் எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பி, நானும் அண்ணாந்து பார்த்துச் சரி என்று தலையசைக்கும்வரை நகரமாட்டார். நவம்பரில் 20 நாளுக்கு 112 யூனிட். டிசம்பர் முழுவதற்கும் 41 யூனிட். குளிர்காலம் வந்தது ஒரு காரணம். நான் அறை மாறியது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் தந்தது மேற்குப் பார்த்த அறை. பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடித்த சுவர் இரவு பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஏசி இல்லாமல் உட்கார முடியாது. நவம்பர் இறுதியில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று காலியானது. அளவு, கட்டில், அலமாரி எல்லாம் அச்சாக முந்தைய அறையேதான். ஆனால் அங்கே போனபின் டிசம்பரில் ஏசியை ஒருநாளும் போட்டதாக நினைவில்லை. மின்விசிறியே போதுமானதாக இருந்தது. காலை ஏழு மணிக்கு மேசை மேல் வெளிச்சம் விழும். துவைத்த துணி பால்கனிக் கொடியில் பத்தரைக்குள் காய்ந்துவிடும். ஒன்றிரண்டு இரவு தங்குபவருக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. மாதக்கணக்கில் தங்குபவர் வேறு எதைக் கேட்காவிட்டாலும் சன்னல் எந்தத் திசை என்று கேட்க வேண்டும். மூன்றாம் மாடி கேட்டால் நம் கணக்கில் இரண்டாம் மாடிதான் கிடைக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தரைத்தளத்தையே அவர்கள் ஒன்று என்று எண்ணுகிறார்கள். லிஃப்ட் கிடையாது.

குளியலறையைப் பற்றி நம்மவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் தண்ணீர் பீச்சும் குழாய் தாய்லாந்தில் ஏறக்குறைய எங்கும் உண்டு, இங்கும் உண்டு. குளிக்குமிடத்துக்குத் தடுப்பு இல்லை, அதனால் குளித்து முடித்ததும் அறை முழுவதும் ஈரம். அதுகூடப் பழகிவிடும். பழகாதது தரையின் சாய்வு. தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடாமல் கதவை நோக்கி ஓடி, நிலைப்படியருகே தேங்கி நிற்கும். கிழக்கு அறைக்கு மாறியபோது இதிலிருந்தும் தப்பினேன் என்று நினைத்தேன். அங்கேயும் அதே கொத்தனாரின் கைவண்ணம். வடிகாலைச் சில நாள் பயன்படுத்தாமல் விட்டால் துர்நாற்றம் எழும். வெளியூர் போகும் நாளில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மூடியின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டுப் போவதற்குப் ‘பா’தான் கற்றுக்கொடுத்தார்.

சுவரில் பொருத்திய சிறிய ஹீட்டர் உண்டு. குழாயை முழுவதும் திறந்தால் வெதுவெதுப்பு, பாதி திறந்தால் சூடு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஊர் இருப்பதால், டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் 15 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. விடுதி தரும் போர்வையோ படுக்கை விரிப்பைவிடச் சற்றே தடிமனானது, அறையைச் சூடாக்க எந்த வசதியும் இல்லை. தாய்லாந்து என்றாலே வெக்கை என்று நினைத்து 2023-இல் நான்கு அரைக்கைச் சட்டையோடு போனவன், இரண்டாம் இரவே சந்தையில் கம்பளி ஒன்று வாங்கினேன்.

மூன்று முள் பிளக் உள்ள நம் ஊர் மடிக்கணினிச் சார்ஜர் அங்குள்ள துளைகளில் நுழையாது. இரண்டு முள் கைப்பேசிச் சார்ஜர் நுழையும். மாற்றுப் பிளக் ஒன்றை இங்கிருந்தே எடுத்துச் செல்வது உத்தமம். வைஃபை பகலில் நன்றாக இருக்கும், இரவு எட்டு முதல் பத்தரை வரை எல்லா அறைகளிலும் ஆட்கள் இருக்கும்போது தவழும். வேலைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் உள்ளூர் சிம் ஒன்றும் வைத்திருந்தேன். குடிநீருக்குச் சந்து முனையில் ஓர் இயந்திரம். லிட்டருக்கு ஒரு பாட், காலிப் புட்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்திலேயே காசு போட்டுத் துவைக்கும் இயந்திரங்களும் இருந்தன.

அமைதியான நகரம் என்று படித்துவிட்டு வருபவர்கள் சத்தமே இருக்காது என்று எதிர்பார்க்கக் கூடாது. சேவல்கள் விடியும்வரை காத்திருப்பதில்லை. ‘டொக்கே’ என்று கத்தும் பெரிய பல்லி ஒன்று வெளிச்சுவரில் குடியிருந்தது. அந்தச் சத்தத்தை முதல் இரவில் யாரோ கதவைத் தட்டுவதாக எண்ணி எழுந்து திறந்தும் பார்த்தேன். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஒலிபெருக்கிகளில் நாட்டுப்பண் ஒலிக்கும். வெளியே இருந்தால் எல்லோரையும் போல நின்றுவிட வேண்டும். அதன்பின் இரவு ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். பிறகு கடைசியாகக் கேட்பது, சவாரி முடிந்து திரும்பும் குதிரை வண்டியின் குளம்போசையாக இருக்கும். வார இறுதி மாலைகளில் ஆற்றங்கரையில் காட் கோங் தா என்னும் தெருச்சந்தை கூடும். அதன் இரைச்சல் விடுதி வரை எட்டாது, நடந்துபோய்த் திரும்பும் தொலைவுதான். நவம்பர்ப் பௌர்ணமியில் ஊர்மக்கள் ஆற்றில் தெப்பங்களை மிதக்கவிடும் நாள்களில் மட்டும் அறை கிடைப்பது கடினம், வாடகையும் கூடும். 2024-இல் அது நவம்பர் 15 அன்று வந்தது, நான் நான்கு நாள் முன்பே போயிருந்ததால் தப்பித்தேன்.

அறையில் சமைக்கக் கூடாது என்று கதவின் பின்புறம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்; டூரியன் கொண்டுவரக் கூடாது என்பது அதற்கும் மேலே, கொட்டை எழுத்தில். வெந்நீர்க் கெட்டிலுக்குத் தடையில்லை. காலையில் ஒட்டும் சோறும் சுட்ட கோழியும், மதியம் காவ் சோய் என்னும் நூடுல்ஸ் குழம்பு, இரவில் ஏதாவது பழம் என்று என் சாப்பாடு ஓடியது. சைவர்கள் சற்றுத் திண்டாடுவார்கள்: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடையைத் தேட வேண்டும். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழுந்துவிடும். வாரம் ஒருமுறை நாக்கு முரண்டு பிடித்த நாள்களில், ஒரு பொட்டலம் சோறும் இனிப்புச் சேர்க்காத தயிர்க் கோப்பை ஒன்றும் வாங்கி, உப்பும் இங்கிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயும் சேர்த்து அறையிலேயே பிசைந்து சாப்பிட்டேன். தயிர் வாங்கும்போது இனிப்பில்லாததுதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்றுதான் வந்தது. வெளிநாட்டவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்ற விதி 2024 ஜூலையில் வந்திருந்தது. மேலும் 30 நாள் நீட்டிக்க 1,900 பாட் கட்டி விண்ணப்பிக்கப் போனபோதுதான், விடுதி என் பெயரைப் பதியவே இல்லை என்பது தெரிந்தது. நாள் வாடகையிலிருந்து மாத வாடகைக்கு மாறும்போது என் தாள் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போகும் வழியில் எங்கோ தங்கிவிட்டதாம். உரிமையாளரின் மகன் அன்று மாலையே பதிவு செய்து, மறுநாள் என்னோடு வந்து காத்திருந்து காரியத்தை முடித்துக் கொடுத்தார். அபராதம் ஏதாவது கட்டினாரா என்று கேட்டேன்; சிரித்தார், சொல்லவில்லை. சேர்ந்த மறுநாளே பதிவு ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள் வேலை கெட்டிருக்காது. தவறு அவர்களுடையதுதான் என்றாலும், கேட்காமல் இருந்தது என் சோம்பல்.

யாருக்கு இந்த விடுதி சரிப்படும் என்று கேட்டால், தனியாக வேலை செய்பவர்களுக்கும், ஊர் சுற்றுவதில் அவசரமில்லாத தம்பதியருக்கும் சரிப்படும் என்பேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சொல்லமாட்டேன். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். பிப்ரவரி பிறந்ததும் காட்டிலும் வயலிலும் வைக்கும் தீயின் புகை இந்தப் பள்ளத்தாக்கில் வந்து தேங்கத் தொடங்கும், ஏப்ரல் வரை விடாது. நான் கிளம்பிய வாரத்தில் காலையில் எழுந்ததும் தொண்டை கரகரத்தது. பால்கனியிலிருந்து தெரியும் மலை மூன்று நாளாகக் காணவில்லை.

கிளம்பும் நாளில் பா மறுபடியும் டார்ச் விளக்கோடு வந்தார். ஜனவரி முதல் அன்று வரை 53 யூனிட், 424 பாட். முன்பணம் 1,000 பாட்டில் அதைக் கழித்து, சாவிக்கான 200 பாட்டையும் சேர்த்து 776 பாட்டை மேசை மேல் எண்ணி வைத்தார். கம்பளியைப் பெட்டியில் திணிக்க முடியாமல் நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் அறை எண்ணை எழுதி, அதன் எதிரே ஏதோ குறித்தார். கம்பளி என்றுதான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.