பெரிய குளோசரா, ஆப்ஷன் உள்ள கைகளா?

சீசன் இல்லாத மாதங்களில் மேஜர் லீக் பேஸ்பால் அணி தன் புல்பென்னை, அதாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்களின் (பந்துவீச்சாளர்களின்) குழுவை, சரிசெய்ய இரண்டு வழி உண்டு: கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் ஒரு குளோசரிடம் பணத்தைக் கொட்டலாம், அல்லது விலை குறைந்த, மைனர் லீகுக்கு (கீழ்நிலை லீகுக்கு) அனுப்பக்கூடிய பிட்சர்களைச் சேர்க்கலாம். அப்படி அனுப்பும் உரிமைதான் ஆப்ஷன்.

முதல் வழிக்கு மெட்ஸ் அணி உதாரணம். 2022 நவம்பரில் எட்வின் டியாஸுக்கு 5 ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில், உலக பேஸ்பால் கிளாசிக்கில் வெற்றியைக் கொண்டாடிக் குதித்தபோது அவரது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனே போயிற்று. காயமே இல்லாவிட்டாலும் குளோசர் ஆண்டுக்கு வீசுவது 60, 65 இன்னிங்ஸ்தான்.

இரண்டாவது வழியில் விஷயம் கணக்கில் இருக்கிறது. 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஐந்து ஸ்டார்ட்டர்கள் போக புல்பென்னுக்கு மிச்சம் எட்டு. திங்களன்று 40 பந்து வீசியவர் செவ்வாயன்று உதவமாட்டார். ஆப்ஷன் இருந்தால் அவரை மைனர் லீகின் மேல்மட்டமான டிரிபிள் ஏ-வுக்கு அனுப்பிப் புதுக் கையை இறக்கலாம். ஆனால் அணியில் யாருக்காவது காயம் ஏற்பட்டாலொழிய, அனுப்பியவரை 15 நாள் திரும்ப அழைக்க முடியாது. சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் கூடாது. மூன்று ஆப்ஷன் ஆண்டுகளும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் வேவர்ஸில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில், விட வேண்டும், அங்கே வேறு அணி கொத்திக்கொண்டு போகலாம்.

எட்டில் குறைந்தது மூன்று பேருக்கு ஆப்ஷன் இருக்க வேண்டும்; இல்லையென்றால், ஏப்ரலில் வழக்கமான 9-ஐத் தாண்டி நீளும் ஒரு 14 இன்னிங்ஸ் ஆட்டம் போதும், புல்பென் படுத்துவிடும். அந்த மூன்று இடம் உறுதியான பிறகே குளோசருக்குப் பேரம் பேசுவேன்.