சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா?

எங்கள் வீட்டில் அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தம்பி பெந்தெகொஸ்தே சபை. ஞாயிறு காலை இருவரும் ஒரே பைபிளோடுதான் கிளம்புவார்கள், ஆளுக்கொரு திசையில். திரியேக தேவன், சிலுவை, உயிர்த்தெழுதல் இதிலெல்லாம் சண்டையே இல்லை. சண்டை தண்ணீரில்தான்.

சி.எஸ்.ஐ.யில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்ததும் திடப்படுத்தல் வகுப்பு, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பெந்தெகொஸ்தேயில் விசுவாசித்து, தானே கேட்டு வருபவருக்குத்தான், அதுவும் முழுக்கு. தம்பி அப்படி மறுபடி எடுத்தபோது அம்மா ஒரு வாரம் பேசவில்லை. “அப்ப நான் உனக்குக் கொடுத்தது என்னடா?” வளர்ந்தபின் முழுக்கு எடுப்பதை சி.எஸ்.ஐ. தவறென்று சொல்வதில்லை, இரண்டாம் முறை என்பதுதான் அதற்கு ஆகாது.

அம்மாவின் பக்கம் பழசு. அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்த வழி வந்த சபைகளும் 1947இல் உருவான சி.எஸ்.ஐ.க்குள் சேர்ந்தன.

ஆராதனையும் வேறு. சி.எஸ்.ஐ.யில் அச்சிட்ட ஒழுங்கு, எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம். பெந்தெகொஸ்தேயில் கைதட்டல், சாட்சி, ஆவியில் நிறைந்து தெரியாத மொழியில் பேசும் அந்நியபாஷை. நகை போடக்கூடாது என்பார்கள். எனக்கு அது ஒத்துவராது. சி.எஸ்.ஐ.யின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நாலு மடங்கு விலைக்கு எடுக்கும் கூத்துக்காகவே நான் அம்மா கட்சி. ஆனால் ராத்திரி காய்ச்சல் என்றால் முதலில் வீட்டுக்கு வந்து ஜெபிப்பவர் தம்பியின் பாஸ்டர்தான். அம்மாவே போன் போடுவார்.