இன் ப்ரூஜ்: சிரிப்பு உண்டு, மன்னிப்பு இல்லை

கூலிக்குக் கொலை செய்கிறவனை நல்லவனாக்கிவிடும் படங்கள் எனக்குப் பிடிக்காது. தங்கைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு காரணத்தைச் சொல்லி, அவன் வெட்டிய தலைகளை எல்லாம் கணக்கில் இருந்து தள்ளிவிடுவார்கள். 2008-ல் மார்ட்டின் மெக்டோனா எழுதி இயக்கிய ‘இன் ப்ரூஜ்’ அந்த வேலையைச் செய்வதில்லை. கேரளத்தில் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் நண்பர்கள் யார் நல்ல க்ரைம் படம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கூலிக்குக் கொலை செய்ய வந்த ரேவுக்கு (காலின் ஃபாரெல்) சர்ச்சில் நடப்பதுதான் முதல் கொலை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, பணத்துக்காகக் கொலை செய்தேன் என்கிறான். யாரை என்று சாமியார் கேட்க, உங்களைத்தான் என்கிறான். சாமியாரைச் சுட்ட குண்டில் ஒன்று, அங்கே காத்திருந்த சிறுவனின் தலையில் பாய்கிறது. பையன் கையில் ஒரு சீட்டு. அதில் அவன் எழுதி வைத்திருந்த பாவங்கள் மூன்று: சிடுசிடுப்பு, கணக்கில் மோசம், சோகமாக இருப்பது.

சிறு வயதில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் நாங்களும் இப்படித்தான் சீட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றோம். பொய் சொன்னது, தம்பியை அடித்தது. பாவம் என்று அந்த வயதில் வேறென்ன இருக்கும்? அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு ரேவை மன்னிக்க மனசு வரவே இல்லை. ஆனால் அவனும் தன்னை மன்னிக்கவில்லை. அங்கேதான் அவன் நமக்கு நெருக்கமாகிறான்.

முதலாளி ஹாரி அவனையும் மூத்த கூட்டாளி கென்னையும் பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகரத்துக்கு அனுப்பி ஒளிந்திருக்கச் சொல்கிறான். 366 படி ஏற வேண்டிய மணிக்கூண்டு, கால்வாய், பழைய ஓவியங்கள் என்று கென் ரசித்துச் சுற்றுகிறான். ரே அடம்பிடிக்கும் பையன் மாதிரி பின்னால் வருகிறான். கடைசித் தீர்ப்பு ஓவியத்தின் முன்னால் இருவரும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி, அதாவது மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடைப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ரொம்ப மோசமும் இல்லை, பிரமாதமும் இல்லை, டாட்டன்ஹாம் ஃபுட்பால் டீம் போல என்கிறான் ரே. ஃபுட்பால் பைத்தியம் பிடித்த கேரளத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். வாய்விட்டுச் சிரித்தேன், ஆனால் அவன் தனக்கு எந்த இடம் என்று தேடிக்கொண்டிருப்பது அடுத்த நொடியே உறைத்தது.

இன்னொரு காட்சி: ஹோட்டல் மாடிப்படியில் கர்ப்பிணியான உரிமையாளர் நகர மறுத்து நிற்கிறார். ரேவைக் கொல்ல வந்த ஹாரியும், பதிலுக்குத் துப்பாக்கியோடு நிற்கும் ரேயும் அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று வெளியே போய்ச் சுட்டுக்கொள்ளலாம் என ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று யார் சொல்வது என்று அங்கேயும் ஒரு பேச்சு! குழந்தையைக் கொன்றவன் சாக வேண்டும் என்ற ஹாரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அவன் அதை விடுவதில்லை.

2022-ல் வந்த மலையாளப் படம் ‘முகுந்தன் உண்ணி அசோசியேட்ஸ்’ எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிடித்தது. எனக்கும்தான். ஆனால் அதன் நாயகனான வக்கீலுக்கு உறுத்தலே கிடையாது. அவனுடைய சாமர்த்தியத்தைத்தான் ரசிக்கிறோம். ரேவின் கதை அதைவிட ஆழமாகப் போகிறது.

குறையும் உண்டு. குள்ளமானவர்களையும் குண்டானவர்களையும் வைத்து வரும் கேலி எனக்கு ஒப்பவில்லை. கெட்ட வார்த்தை நிறைய, அதனால் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

காலின் ஃபாரெலுக்கு இதற்காக கோல்டன் குளோப் விருது கிடைத்தது, சரி. அதே பிரிவில் கென்னாக நடித்த ப்ரெண்டன் க்ளீசன் பெயரும் போட்டியில் இருந்தது. ஹாரி சொல்லிப் பூங்காவில் ரேவைச் சுட வந்த கென், அவன் தானே சுட்டுக்கொள்ளப் போவதைப் பார்த்துப் பதறித் தடுக்கும் இடத்துக்காகவே நான் க்ளீசனுக்குக் கொடுத்திருப்பேன்.