30 குழி பிளாஸ்டிக் முட்டைத் தட்டு: அடைமுட்டை சேர்க்கத் தோதுப்படுமா?

மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே அட்டைத் தட்டு தருவார்கள். அப்புறம் பிளாஸ்டிக் தட்டுக்கு எதற்குக் காசு? சமையல் முட்டைக்குத் தேவையே இல்லை. இன்குபேட்டரில் வைக்கப்போகிற முட்டை என்றால் வாங்கலாம்.

அட்டைத் தட்டு எத்தனை பண்ணை சுற்றி வந்ததோ, யாருக்கும் தெரியாது. எச்சமும் உடைந்த முட்டையின் கசிவும் அதில் ஊறியிருக்கும், கழுவவும் வழியில்லை. பிளாஸ்டிக்கை சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, நிழலில் காயவைத்தால் ஆயிற்று. நாள்கணக்கில் வெயிலில் போட்டால் விளிம்பு நொறுங்கும்.

அடியில் ஓட்டை இருப்பதுதான் இதில் பெரிய வசதி. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த முட்டை, நம்மூர்ப் புழுக்கத்தில் முத்து முத்தாக வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கும். துடைக்கக் கூடாது, தானாகக் காயவேண்டும். ஓட்டைத் தட்டில் அடியிலும் காற்றுப் பட்டுச் சீக்கிரம் உலரும். அட்டையிலோ முட்டை உட்கார்ந்த இடத்தில் ஈர வளையம் நிற்கும், பிறகு அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

குறை என்னவென்றால், குழி பண்ணை முட்டை அளவுக்குச் செய்தது. 50 கிராம் முட்டை கச்சிதமாக உட்காரும். சிறுவிடை நாட்டுக்கோழியின் சின்ன முட்டை ஆடும். தட்டோடு தூக்கி நடந்தால் மயிரிழைக் கீறல் விழலாம், டார்ச் அடித்தால்தான் தெரியும். கூடையில் பொறுக்கி வந்து தட்டில் அடுக்குவதே நல்லது. கூர்முனை கீழே, காற்றறை உள்ள மழுங்கிய முனை மேலே, தேதி பென்சிலால். அழுக்கு முட்டையைக் கழுவி உள்ளே சேர்க்காதீர்கள். கழுவினால் ஓட்டின் இயற்கைப் பூச்சு போய்விடும்.

ஏழு நாளுக்குள் அடை வைப்பதென்றால் திருப்பவே வேண்டாம். அதற்கு மேல் போனால் தட்டின் ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து, தினம் பக்கம் மாற்றினால் போதும். இன்னும் சாய்த்தால் முட்டை உருளும். எப்படித் திருப்பினாலும் நாள் ஏற ஏறப் பொரிப்பு குறையும்.

வெப்பத்துக்குத் தட்டு பொறுப்பல்ல. 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் வேண்டும். பிரிட்ஜின் 4 டிகிரி கருவுக்கு ஆகாது. சித்திரையில் 35 டிகிரி அறையில் வைத்தால் கரு அரைகுறையாக வளர்ந்து சாகும், கடைசியில் கூமுட்டை என்று பழி சேவல்மேல் விழும். ஈரமணலில் பதித்த மண்பானை சில டிகிரி குறைக்கும், மூன்று நான்கு நாள் தாங்கும். ஆனால் இந்தத் தட்டு பானை வாய்க்குள் நுழையாது! பானைக்காரர்கள் வைக்கோலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கும்போது குழி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் வேறு தட்டு கேளுங்கள்.