பேக் சார்மைக் கழுத்துக்குக் கொண்டுவர: கவரிங்கா, ஸ்டீலா, வெள்ளியா?

கோச், மைக்கேல் கோர்ஸ் மாதிரி பிராண்டுகளின் கைப்பை வாங்குவது நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதே கடையில், பையில் தொங்கவிடும் சார்மும் சாவிவளையமும் பை விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைத்துவிடும். தள்ளுபடி நேரத்தில் இன்னும் இறங்கும். நல்ல சார்ம் என்றால் எனாமல் வழுவழுப்பாக, ஓரங்கள் பிசிறில்லாமல், பின்பக்கத்தைக்கூட அக்கறையாக முடித்திருப்பார்கள். அதைப் பையில் மாட்டி யார் கண்ணிலும் படாமல் விடுவதைவிட, பொருத்தமான சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டால் விலையுயர்ந்த நகையாகவே நிற்கும். என் தங்கை பெங்களூரிலிருந்து வாங்கிவந்த கறுப்பு எனாமல் பூ ஒன்றை இப்படித்தான் டாலராக்கினேன். டாலர் தயார் செய்வது சின்ன வேலை. எந்தச் சங்கிலி என்பதில்தான் யோசிக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 92.5 வெள்ளிச் (நூறில் 92.5 பங்கு வெள்ளி) சங்கிலி வாங்கி, அதற்குத் தங்கமுலாம் போட்டுக் கோர்த்தேன். கவரிங்கையும் ஸ்டீலையும் அதே பூவோடு மாட்டிப் பார்த்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

முதலில் சார்ம். அதன் கொக்கியையும் சாவிவளையத்தையும் கழற்றினால் தலையில் ஒரு சின்னக் காது மிஞ்சும். அந்தக் காதின் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். பூவின் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடிக்கும்போது ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தால் ஒரே ஒரு வளையம் போதும். பக்கவாட்டில் திருப்பினால்தான் ஓட்டை தெரிகிறது என்றால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் போட வேண்டும். அங்கே ஒன்றோடு நிறுத்தினால் பூ முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டிக்கொண்டு தொங்கும். வீட்டில் செய்த நகை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வளையம் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். திறக்கும்போது இரண்டு முனையையும் இடதும் வலதுமாக இழுக்கக் கூடாது. இரண்டு நோஸ் பிளேயரால் பிடித்து, ஒரு முனையை முன்னுக்கும் இன்னொன்றைப் பின்னுக்குமாகத் திருக வேண்டும். மூடும்போது அதே வழியில் திரும்பி வந்தால் வட்டம் கெடாது, முனைகள் 'டிக்' என்று உரசி நேராக நிற்கும். நகத்தால் தடவினால் இடைவெளி தட்டுப்படக் கூடாது.

வளையத்தைப் பற்றவைத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். எங்கள் மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கேட்டேன். சார்மைக் கையில் வாங்கி எடை பார்த்த ஆசாரி, "இது துத்தநாகக் கலவை மாதிரி இருக்கும்மா, இதுல ஊதுனா உருகிப் போயிரும்" என்றார். சார்ம்களில் அதிகம் பயன்படும் துத்தநாகக் கலவை ஏறக்குறைய 380, 390 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெள்ளிப் பற்றவைப்புக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எனாமலும் கருகும். அதனால் சார்முக்குக் கிட்டே நெருப்பே போகக் கூடாது. வளையத்தை மூடுவதில் காட்டும் கவனம்தான் பாதுகாப்பு.

இப்போது சங்கிலி. கவரிங் எங்கும் கிடைக்கும், விலை குறைவு, எழுகடல் தெருவில் ஒரு நடை போனால் கை நிறைய மாதிரிகள் பார்க்கலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்கு முதல் உறுத்தல் நிறம். நம் ஊர்க் கவரிங் 22 கேரட் தங்கத்தைப் பார்த்துச் செய்வது, நல்ல அழுத்தமான மஞ்சள். வெளிநாட்டு பிராண்டுகளின் உலோக வேலையில் பெரும்பாலும் வெளிர் பொன்நிறம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சங்கிலி ஒரு வீட்டுப் பெண், டாலர் வேறு வீட்டுப் பெண் என்று பிரிந்து தெரிகிறது. விலையுயர்ந்த தோற்றம் வேண்டும் என்று இறங்கிவிட்டு நிறத்தில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஸ்டீலில் அந்தச் சிக்கல் குறைவு. இணையத்தில் விற்கும் 316எல் என்ற ஸ்டீல் வகைச் சங்கிலிகளில் வெளிர் பொன்நிறம் தாராளமாகக் கிடைக்கிறது. இவற்றுக்குப் போடும் பிவிடி என்பது, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து ஏற்றும் பூச்சு. பொன்நிறத்துக்கு டைட்டானியம் நைட்ரைடு போன்ற மிகக் கெட்டியான சேர்மத்தைப் பயன்படுத்துவார்கள். கீறலை நன்றாகத் தாங்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் 316எல்லில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறதே என்று பயப்படுவார்கள். மேலே படர்ந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் அதைப் பெருமளவு வெளியே விடாது. தோலில் நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்குச் சோதித்தது என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. வாங்கியதும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டினால் அது 316எல் இல்லை.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன் ஸ்டீலை எடுக்கவில்லை? என் கணக்கில் ஒரே ஒரு கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: பளபளப்பு போன பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பொன்நிறப் பூச்சுள்ள எந்தச் சங்கிலியும் ஒருநாள் நிறம் மங்கும். மதுரையில் சீக்கிரமே மங்கும். சித்திரை வெயிலில் மாசி வீதியைச் சுற்றி வந்தால் கழுத்தெல்லாம் உப்புப் பூக்கும். தலையில் வைக்கும் மல்லிகைச் சரத்தின் ஈரம் பின்கழுத்தில் சங்கிலியின் கொக்கி மேல்தான் இறங்கும். அதற்கு மேல் பவுடர், சென்ட். முலாம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ள படலம். வியர்வை அந்தத் துளை வழியே உள்ளே போய் அடியிலுள்ள உலோகத்தைத் தொடுகிறது. அடியில் என்ன உலோகம் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும்.

கவரிங்கின் அடியில் செம்பு அல்லது பித்தளை. வியர்வை பட்டால் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏறும், முலாம் செதிலாக விடும், கழுத்திலும் கறை படும். மறுபடி முலாம் போடலாம், சில கடைகளில் உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றியும் தருகிறார்கள். ஆனால் களிம்பைத் தேய்த்து எடுத்த பிறகுதான் புது முலாம் பிடிக்கும். மெல்லிய சங்கிலியில் தேய்க்கத் தேய்க்கக் கண்ணிகள் இளைத்துக்கொண்டே போகும். மறுமுலாம் கூலியைக் கேட்டால் புதுச் சங்கிலியே வாங்கிவிடலாம் என்று தோன்றிவிடும்.

ஸ்டீல் எளிதில் அரிக்காது. பூச்சு உரசிப்போன இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும், முக்கியமாக டாலரின் வளையம் சங்கிலியோடு உரசும் நடுக்கண்ணிகளில். அதற்குப் பிறகு உள்ளூரில் வழியில்லை. பிவிடிக்கு வேண்டிய எந்திரம் நகைப் பட்டறையில் இருக்காது. சாதாரண முறையில் முலாம் போடலாம் என்றால், ஸ்டீலைக் காப்பாற்றுகிற அதே குரோமியம் படலம் முலாமை ஒட்டவிடாது. அமிலம் சேர்ந்த கரைசலில் முதலில் தனியாக ஓர் அடிப்பூச்சு, வழக்கமாக நிக்கலில், கொடுத்தால்தான் தங்கம் நன்றாகப் பிடிக்கும். அதற்காக யார் ஒரு சங்கிலிக்கு மெனக்கெடுவார்கள்? நான் ஸ்டீல் சங்கிலியைத் தொடர்ந்து போட்டது ஒரு கோடைதான். அந்தக் கோடையில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சீக்கிரம் மங்கும் என்று நான் சொல்லவில்லை. மங்கினால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளியும் மங்கும். வெள்ளி அணுக்கள் மெல்லிய தங்கப் படலத்தின் ஊடே மெல்ல மேலே வந்து, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். ஆனால் அது மேலோட்டமான கறுப்பு, சங்கிலியைத் தின்னாது. பட்டறையில் கொடுத்தால் சுத்தம் செய்து மறுபடி முலாமில் முக்கி எடுத்துத் தந்துவிடுவார்கள். நம் நகைக்கடை வீதியில் இது அன்றாட வேலை. சார்மையும் கையோடு கொண்டுபோய், "இந்த நிறம் வேண்டும், பவுன் நிறம் வேண்டாம்" என்று காட்டிக் கேட்கலாம். என் சங்கிலி முதல்முறை கொஞ்சம் சிவப்போடி வந்தது. இரண்டாம் முறை முக்கியபோது பூவின் விளிம்போடு அப்படியே கலந்துவிட்டது. ஒரு காலத்தில் முலாமே வேண்டாம் என்று தோன்றினால் அதை எடுத்துவிட்டு வெள்ளியாகவே போடலாம். பிடிக்காமல் போனால் கடையில் எடைக்கும் டச்சுக்கும், அதாவது வெள்ளியின் தூய்மைக்கும், ஏற்பக் காசாகிவிடும். அதற்காகத்தான் வாங்கும்போதே 92.5 முத்திரையைப் பார்க்கச் சொல்கிறேன். டச் குறைவான வெள்ளியும் நிறையப் புழங்குகிறது. அது சீக்கிரம் கறுக்கும், விற்கும்போதும் அடிவாங்கும். வெள்ளி விலை ஏறும்போது இந்த வழி கையைக் கடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. 18 அங்குலத்துக்குப் பத்து கிராமுக்குள் முடியும் சங்கிலியே போதும். சார்ம் நாற்பது கிராமைத் தாண்டினால் மட்டும் இன்னும் கனமாகப் பாருங்கள்.

முலாம் போடும்போது கனமாகப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வெர்மீல் என்று சொல்லி விற்க வேண்டுமானால் 92.5 வெள்ளி மேல் 2.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்துக்குத் தங்கம் இருக்க வேண்டும். நம் பட்டறையில் மைக்ரான் கணக்கெல்லாம் எழுதித் தர மாட்டார்கள், ஆனால் லேசான பாலிஷுக்கும் கனமான முலாமுக்கும் கூலி வித்தியாசம் கேட்டாலே தெரிந்துவிடும். பராமரிப்பு பெரிய வேலையில்லை. கழற்றியதும் ஈரத்துணியால் ஒற்றி, காயவிட்டு, காற்றுப் புகாத சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல இதைத் திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பல்பொடியும் வேண்டாம். முலாம் அதோடு போய்விடும்.

அப்புறம், "வீட்டில்தான் தங்கச் சங்கிலி கிடக்கிறதே, அதில் மாட்டு" என்று அத்தைமார் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். 22 கேரட் தங்கம் மிருதுவானது. கனமான கலவை உலோக டாலரும் கெட்டி வளையமும் நாள் முழுக்க அறுத்தால் நடுக்கண்ணி தேயும். தேய்கிற ஒவ்வொரு துளியும் தங்கம். வேண்டாம்.

முத்துச்சரத்தில் கோர்ப்பது இன்னொரு வழி. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புது மண்டபக் கடைகளையும் சுற்றுப்பட்டுத் தெருக்களையும் பார்த்தால் வேண்டிய அளவு மணி கிடைக்கும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போட்டுக் கோர்த்தால் கறுப்பு எனாமலுக்கு மிக எடுப்பாக இருக்கிறது. பட்டுச்சேலைக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் நான் இதை ஒரு கல்யாண வரவேற்புக்குத்தான் போட்டிருக்கிறேன், நூல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல இயலாது.

நீளம்: குர்தாவுக்கும் சட்டைக்கும் 18 அங்குலம், கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். சேலைக்கு 24 வைத்தால் டாலர் முந்தானை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பின்னால் இரண்டு அங்குலம் கூட்டுச் சங்கிலி வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஒன்றையே சமாளிக்கலாம். கொக்கியும் வெள்ளியிலேயே இருக்கட்டும்; சங்கிலி நல்லதாக இருந்து கொக்கி மட்டும் மலிவான இரும்பாக இருந்தால் பின்கழுத்தில் கறுப்புக் கோடு விழும்.

தங்கையின் தோழிகள் பார்த்துவிட்டு எங்களுக்கும் செய்து கொடுங்கள், காசு தருகிறோம் என்கிறார்கள். அங்கே ஒரு கவனம் வேண்டும். சனேல் பொத்தான்களை நகையாக்கி விற்ற ஓர் அமெரிக்கக் கடைமேல் சனேல் நிறுவனம் 2021இல் வணிகமுத்திரை வழக்குப் போட்டது. சொந்தமாக வாங்கியதைச் சொந்தக் கழுத்தில் போடுவது வேறு, முத்திரையைக் காட்டி விற்பது வேறு. அதனால் அவரவர் சார்மை அவரவரே வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். காசு வாங்காமல் வளையத்தை மாட்டிக் கொடுக்கிறேன். சங்கிலியும் முலாமும் அவர்களே பட்டறையில் பார்த்துக்கொள்கிறார்கள்.